அக்கா பாத்தியில் பேய்மிரட்டி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில், லீவில் ஊருக்கு வந்திருக்கும் துபாய்க்காரன் கேட்டது வெறும் லிஸ்ட். குடவாசலில் கட்டி முடித்திருக்கும் வீட்டுக்கு மாடியில் ஒரு தீம், சமையல்கட்டுப் பக்கம் ஒரு தீம், வாசலில் ஒரு தீம் என்று மூலிகைத் தோட்டம் வைக்க வேண்டுமாம். "நர்சரியில வேலை பாக்கறவன் நீதானடா, எந்தத் தீமுக்கு எந்தச் செடின்னு போட்டு விடு" என்று கேட்டிருந்தான். நான் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

பத்துச் செடிப் பெயரை டைப் அடிக்க இரண்டு நிமிஷம் போதும். சோம்பேறி என்று நினைத்திருப்பீர்கள். பாதி அதுதான். நாள் முழுக்க மண்தொட்டி ஏற்றி இறக்குகிறவனுக்கு வயது முப்பத்திரண்டு என்றாலும் முதுகுக்கு அறுபது ஆகிறது. தஞ்சாவூரைச் சுற்றி வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் இப்போது தீம் கேட்கிறார்கள். கொசு வராத தோட்டம், முடி கொட்டாத தோட்டம், சுகர் தோட்டம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சார் டென்ஷன் குறைக்கிற தோட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, வண்டி அரை மணி நேரம் தாமதமானதற்கு என்னைத் தெருவில் நிற்க வைத்துக் கத்தினார். நான் இரண்டு பை வல்லாரையை அதிகமாக இறக்கிவிட்டு வந்தேன்.

மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. லிஸ்ட் போடலாம் என்று போனை எடுக்கும்போதெல்லாம் நாம் ஏழாவது படித்த வருஷத்துக் கொல்லைதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. அதைச் சொல்லாமல் செடிப் பெயரை மட்டும் எழுதக் கை வரவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் வாத்தியார் வேலைக்குப் போனவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு என்னை விட்ட பள்ளிக்கூடம் இவ்வளவுதான் கொடுத்து அனுப்பியது.

அந்த வருஷம் நமக்கு அறிவியல் எடுக்கப் பேராவூரணியிலிருந்து ஒரு டீச்சர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் ஊரில் தென்னந்தோப்பும் மணல் தரையும். நம் ஊர்க் களிமண் அவர் செருப்பைப் பிடித்துக்கொண்டால் விடாது. மழை நாளில் ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு வகுப்புக்குள் வருவார். அவர் எழுதிப்போட்டதில் எதுவும் எனக்கு இப்போது நினைவில்லை. அந்த ஒற்றைச் செருப்பு நினைவிருக்கிறது.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவர் சொன்னார். "ஆளாளுக்கு வீட்ல ஒரு மூலிகைத் தோட்டம் போடணும். கண்டதையும் நடக் கூடாது. முதல்ல ஒரு தீம் வேணும்."

"அது எந்தக் கடையில டீச்சர் கிடைக்கும்?" என்று கேட்டு நான் பெஞ்சு மேல் ஏறினேன்.

நான் பெஞ்சு மேல் நிற்கும்போதே அவர் விளக்கினார். "உங்க வீட்டு ஆளுங்கதான் தீம். வீட்ல யாரு யாரு இருக்காங்க, யாருக்கு என்ன தொந்தரவு, அதுக்கு என்ன செடி கேக்கும்னு விசாரிச்சுத் தேர்ந்தெடுங்க. ஆளுக்கு ஒரு பாத்தி. பாத்திக்குப் பாத்தி போர்டு வைக்கணும். முதல் வரியில ஆளு, ரெண்டாவது வரியில தொந்தரவு, மூணாவது வரியில செடி. நான் வீடு வீடா வந்து பாத்துதான் மார்க் போடுவேன்."

எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதற்கு முடக்கத்தான். அம்மாவுக்குச் சேற்றுப்புண். நடவு, களை என்று வயல் சேற்றிலேயே நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். அதற்கு மருதாணி. எனக்கு ஓயாத சளி. கற்பூரவல்லியும் தூதுவளையும். பாக்கி இருந்தது அக்கா.

அக்காவுக்கு அப்போது இருபது வயது. தலைவலி என்று அவள் படுத்து நான் பார்த்ததில்லை. போய்க் கேட்டேன்.

"உனக்கு என்ன வியாதி, சொல்லு."

"உன்னை மாதிரி ஒரு தம்பி இருக்கானே, அப்புறம் தனியா வியாதி வேற வேணுமா?"

"அதுக்குச் செடி இல்லையே."

"விளக்குமாறு இருக்கு. அதை நட்டு வை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்கா சிரிப்பை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து வாய் முழுக்கத் திறந்து சிரிப்பாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குனிந்து களையெடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளுக்கு மேல் வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

நான்கு பாத்தி போதாது என்று வயல் வரப்பில் இருந்த கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி எல்லாவற்றையும் மண்ணோடு பெயர்த்து வந்து ஓரத்தில் நட்டேன். மார்க் சேர்த்துப் போடுவார் என்று நினைப்பு. அன்று சாயங்காலம் களையெடுத்துவிட்டு வந்த அம்மா, கூடையை இறக்காமலே நின்று பார்த்தாள்.

"என்னடா இது?"

"மூலிகைம்மா. பள்ளிக்கூடத்துல நடச் சொல்லியிருக்காங்க."

"காலையிலேருந்து இடுப்பு ஒடிய இதத்தான் புடுங்கிப் போட்டுட்டு வரேன். நீ அதையே கொண்டாந்து நட்டு, குடத்துல தண்ணி வேற ஊத்தறியா?"

மறுநாள் காலை கீழாநெல்லி ஒன்றும் இல்லை. வேரோடு பிடுங்கி வரிசையாக வரப்பு மேல் போட்டிருந்தது. கேட்டதற்கு அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு, "பாத்திரம் கழுவ வந்தேன்டா. கை தன்னால போயிடுச்சு" என்றாள்.

அக்காவுக்குச் செடி தேடித்தான் நானும் துபாய்க்காரனும் நீடாமங்கலம் ரயில் பாதை ஓரமாகப் போனோம். அவன் அப்போது துபாய்க்காரன் இல்லை, எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் மகன். பாதைச் சரிவில் இடுப்பளவு ஒரு செடி நின்றது. இலை முழுக்கப் பூனை மயிர் மாதிரி. கசக்கினால் கையை விட்டுப் போகாத ஒரு காட்டமான வாசனை. ஊதா நிறத்தில் பொடிப்பூ. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாதான் பெயர் சொன்னார்.

"அது பேய்மிரட்டிடா. பச்சை இலையைத் திரி மாதிரி சுருட்டி எண்ணெயில போட்டா எரியும். பேய் அண்டாதும்பாங்க. ஆடு வாய் வைக்காது."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அக்கா பாத்திக்குச் செடி கிடைத்துவிட்டது.

போர்டுக்கு அவன் கடையிலிருந்து எண்ணெய் டின்னை வெட்டிக்கொண்டு வந்தான். மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் அடித்த நீலப் பெயின்ட் டப்பாவில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அவன் கையெழுத்து அச்சு மாதிரி. கடையில் விலைப்பலகை எழுதிப் பழகிய கை. நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். அப்பா, அம்மா, நான், மூன்று போர்டும் முடிந்தன. நாலாவதுக்கு நான் சொன்னதைக் கேட்டு அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

"பேய்னு போட்டா டீச்சர் அடிப்பாங்கடா."

"எங்க அக்காவுக்குக் கோவம் வந்து நீ பாத்ததில்லை. எழுதுடா."

எழுதினான். முதல் வரி அக்கா. இரண்டாவது வரி பேய். மூன்றாவது வரி பேய்மிரட்டி.

கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேடாக இருக்கும். மற்ற மூன்று பாத்திக்குப் பக்கத்தில் இடம் இல்லாததால் அங்கேதான் அக்கா பாத்தியைப் போட்டிருந்தேன். போர்டை ஊன்றிய அன்று அக்கா வாளியோடு வந்தாள், படித்தாள், வாளியைப் போட்டுவிட்டு நிஜமாகவே விளக்குமாற்றை எடுத்தாள். வைக்கோல் போரைச் சுற்றி மூன்று சுற்று துரத்தினாள். நாலாவது சுற்றில் ஓட முடியாமல் போர் அடியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தலைமுடி எல்லாம் வைக்கோல்.

"போகட்டும், இருக்கட்டும்டா. டீச்சர் படிச்சுட்டுச் சிரிப்பாங்க. ஆனா பேருக்குப் பக்கத்துல ஒரு பொட்டு வை. பேயாயிருந்தாலும் அலங்காரமா இருக்கணும்."

நீலப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்தேன்.

அப்புறம் அப்பா தோட்டத்தில் இறங்கினார். அறுப்பு முடிந்திருந்தது, அவருக்குக் கை சும்மா இருக்காது. மேட்டூர் அணையை மூடப் போகிறார்கள் என்று பேச்சு வந்துவிட்டால் நம் பக்கத்து மனுஷர்களுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வாய்க்காலில் ஓடுகிற கடைசித் தண்ணீரை எங்காவது பாய்ச்சி வைத்தே ஆக வேண்டும். வயலில் பயிர் இல்லை. அப்பா மண்வெட்டியோடு வந்து, என் பாத்திகளைச் சுற்றி அழகாக வரப்பு வைத்து, வாய்க்காலிலிருந்து மடை வெட்டி விட்டார். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

"அப்பா, டீச்சர் தெளிக்கத்தான் சொன்னாங்க."

"டீச்சருக்கு என்னடா தெரியும், மணல்காட்டு ஊரு. தண்ணி நின்னாத்தான் பயிரு."

ஒரு வாரம் நிற்க வைத்தார். காலையும் மாலையும் வந்து, வடிந்த அளவுக்கு மறுபடி விட்டார். அவ்வளவு அக்கறை. கற்பூரவல்லி கொழகொழவென்று சரிந்தது. முடக்கத்தான் மஞ்சளாகிப் படுத்தது. மருதாணிக் குச்சி அடியில் கறுத்துவிட்டது. செடி எல்லாவற்றுக்கும் சேற்றுப்புண் வந்துவிட்டது என்று சொல்லி நான் அம்மாவிடம் ஓர் அடி வாங்கினேன். மூன்று போர்டும் சேற்றில் சாய்ந்து முகம் குப்புறக் கிடந்தன. மேட்டில் இருந்த பேய்மிரட்டி மட்டும் தண்ணீர் எட்டாமல், ஈரம் மட்டும் குடித்து, என் மார்புக்கு வளர்ந்து பூத்து நின்றது. பக்கத்தில் அதன் போர்டு நிமிர்ந்து நின்றது.

மாசியில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். தரகர் முன்னாடியே ஜாதகம் பார்த்துப் பொருத்தம் எல்லாம் சரி என்று சொல்லியிருந்தார். அம்மா இரண்டு நாளாக வீட்டு முன்பக்கத்தையே கழுவினாள். வருகிறவர்கள் கை கழுவ வாசலிலேயே ஒரு புது வாளி வைத்து, அதில் புதுச் சொம்பும் போட்டாள். கொல்லையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, அக்காவைத் தவிர.

காலையில் தலை பின்னிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். "டேய், கொல்லையில அந்தப் போர்டை எடுத்துடுடா. ஆளுங்க வராங்க."

"சரி."

நான் அப்போது அடுப்பங்கரையில் நின்றிருந்தேன். அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். நெய்யில் முந்திரி சிவந்துகொண்டிருந்தது. இடத்தை விட்டு நகர்ந்தால் வழிக்கிற கரண்டி கைமாறிவிடும் என்று பயம். கொஞ்ச நேரம் கழித்து அக்கா மறுபடி கேட்டாள்.

"எடுத்துட்டியா?"

"அப்பவே எடுத்துட்டேன்."

இந்த ஒரு பதிலைத்தான் இருபது வருஷமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன்.

வந்தார்கள். பாயில் ஆண்கள், உள்ளே பெண்கள். அக்கா காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை பதற்றத்தில் ஆற்றாமல் அப்படியே ஒரு வாய் குடித்துவிட்டார். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கண் கலங்கிவிட்டது. விழுங்கிவிட்டு, கலங்கின கண்ணோடு, "காபி நல்லா இருக்குங்க" என்றார். அக்கா நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். வாய்க்காலைத் தாண்டிக் கேட்கிற அதே சிரிப்பு. அம்மா முகம் வெளுத்தது. ஆனால் அடுத்த நொடியே மாப்பிள்ளையும் சிரித்தார். அவர் அப்பாவும் சிரித்தார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அந்த வீட்டில் அன்று கோபித்தவர் யாரும் இல்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் சொல்வேன்.

கேசரி சாப்பிட்டு முடித்து, மாப்பிள்ளையின் அம்மாவும் சின்னம்மாவும் எழுந்தார்கள். அம்மா வாசல் வாளியைக் காட்டினாள்.

"இருக்கட்டும்ங்க, கொல்லைப் பக்கமே போறோம். வீட்டையும் பாத்த மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் நடந்தார்கள்.

என் கையில் கேசரி இருந்தது. அதைக் கீழே போடத் தோன்றவில்லை. மாட்டுக்கொட்டகை வழியாகச் சுற்றி ஓடினேன். போவதற்குள் அவர்கள் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் போலிருக்கிறது. உதடு அசைந்துகொண்டிருந்தது. சின்னம்மா ஓர் இலையைத் தொட்டு மோந்து பார்த்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா ரொம்பவும் தணிவாகக் கேட்டார்.

"தம்பி, இதை யாருப்பா வைக்கச் சொன்னது?"

நான் எழுதச் சொன்னதுதான், விளையாட்டுக்கு, என்று சொல்லியிருந்தால் முடிந்தது. வகுப்பில் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பெஞ்சு மேல் ஏறுகிறவன் நான். அடி விழும் என்ற பயத்தில் வந்தது வேறு.

"எங்க டீச்சர்தான் வைக்கச் சொன்னாங்க. வீட்ல யாருக்கு என்ன தொந்தரவோ அதுக்கு."

அது பொய்கூட இல்லை.

அவர் என் தலையைத் தடவினார். கிளம்பும்போது அக்கா கன்னத்தில் கை வைத்து, அந்தக் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அம்மா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, அவர்கள் தெரு தாண்டுவதற்குள், "முடிஞ்ச மாதிரிதான்" என்று அப்பாவிடம் சொன்னாள்.

அவர்கள் போனதும் நான் போர்டைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டேன். மேட்டூரை மூடிவிட்டிருந்தார்கள். இழுத்துக்கொண்டு போகத் தண்ணீர் இல்லை. சேற்றில் மல்லாந்து விழுந்து, மூன்று வரியும் மேலே தெரியக் கிடந்தது. இறங்கிப் புரட்டிப் போட்டுவிட்டு வந்தேன். வெயிலுக்கு முன்னால் வாய்க்கால் தூர் வாரினபோது அது மண்ணோடு எங்கேயோ போய்விட்டது. "போர்டு எங்கடா?" என்று துபாய்க்காரன் கேட்டான். மாடு மிதித்துவிட்டது என்றேன்.

ஐந்தாம் நாள் தரகர் வந்தார். "ஜாதகம் இன்னொரு எடத்துல காட்டினாங்களாம். சரியா அமையலையாம்" என்றார். பொருத்தம் பார்த்துச் சொன்னவரே அவர்தான் என்பதால் அது வெறும் சாக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நிஜக் காரணத்தைத் தேடினார்கள். அம்மாவுக்கு அது உடனே கிடைத்தது.

"பல்லைக் காட்டுனதுலதான் போச்சு. பொண்ணு பாக்க வந்த எடத்துல அப்படியா ஒருத்தி சிரிப்பா?"

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் அந்த இடத்தில்தான் இருந்தேன். ஒருவேளை சிரிப்பாகவே இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அது நன்றாகத்தான் இருந்தது.

பங்குனியில் டீச்சருக்கு அவர் ஊர்ப் பக்கமே மாற்றல் வந்து போய்விட்டார். யார் வீட்டுத் தோட்டத்தையும் அவர் வந்து பார்க்கவில்லை. உங்களில் பாதிப் பேர் செடியே வைக்கவில்லை என்பதும் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த முறை பெண் பார்க்க வந்தபோது அம்மா அக்காவிடம் காபித் தட்டைக் கொடுத்து, "சிரிச்சுத் தொலைச்சிடாதே" என்றாள். அதற்கடுத்த முறையும் சொன்னாள். அப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் வலது கை தானாக வாய்க்குப் போகப் பழகிவிட்டது, அம்மாவின் கை கீழாநெல்லிக்குப் போன மாதிரி. வீட்டுக்குள் நாங்கள் மட்டும் இருக்கும்போதும் போகும். நான் என்னென்ன சேட்டையோ செய்து பார்த்தேன். தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் வராது.

ஆறு வருஷம் கழித்துக் கல்யாணம் ஆனது. நீடாமங்கலத்தில்தான் இருக்கிறாள், தெரியுமே உங்களுக்கு. மச்சான் நல்ல மனுஷர். நல்ல மனுஷர் கிடைத்துவிட்டார், இதற்கு மேல் பழசை எதற்குக் கிளற வேண்டும் என்று அந்தக் கல்யாணப் பந்தலிலேயே நான் கணக்கை முடித்துவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் குடவாசலில் செடி இறக்கிவிட்டு டீக்கடையில் நின்றபோது அந்தத் தரகரைப் பார்த்தேன். தளர்ந்துவிட்டார். என்னை அடையாளம் கண்டு விசாரித்தார்.

"அக்கா சௌரியமா தம்பி? இப்ப அந்தத் தொந்தரவெல்லாம் இல்லையே?"

"எந்தத் தொந்தரவுங்க?"

சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அதான் தம்பி, வீட்லயே செடி வச்சுப் பாத்தீங்களே. அந்த மாப்பிள்ளையோட அம்மா எங்கிட்ட மட்டும் சொல்லி அழுதுச்சு. மகாலட்சுமி மாதிரி பொண்ணுக்கு இப்படி ஒரு சோதனையான்னு. வெளியில தெரிஞ்சா ஒரு பொண்ணு வாழ்க்கை போயிடும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கையைப் புடிச்சுக்கிச்சு. நானும் இன்னைக்கு வரைக்கும் மூச்சு விடலை. உங்க அப்பாகிட்டகூடக் கேக்கலை, மனசு கஷ்டப்படுவாரேன்னு."

"வேற நல்ல எடம் எதுவும் அப்புறம் நீங்க கொண்டாரலையே."

"எப்படிக் கொண்டாறது தம்பி? தெரிஞ்சுக்கிட்டே ஒரு குடும்பத்தை ஏமாத்தலாமா? நீங்களே சொல்லுங்க."

அவர் டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை. எல்லோரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்திருக்கிறார்கள், பாருங்கள். ஒருத்தராவது கொஞ்சம் கெட்ட புத்தியோடு தெருவில் நின்று கத்தியிருந்தால், அன்றைக்கே விஷயம் உடைந்திருக்கும். நான் நாலு அடி வாங்கியிருப்பேன். அக்கா அந்த மாப்பிள்ளையின் அம்மாவிடமே போய்ச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

தரகர் சொன்னதை அப்படியே போய் அக்காவிடம் சொல்லலாம் என்று அன்று வண்டியைத் திருப்பினேன். அவள் வீட்டு வாசல் வரை போனேன். தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஹாரன் அடிக்காமல் வந்துவிட்டேன்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அதே மாதிரி ஏறின பல். நான் டென்ஷன் சாரைப் போல நடித்துக் காட்டினேன். பிள்ளைக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சட்டென்று வலது கை வாய்க்குப் போய்விட்டது.

"எதுக்குடி மூடிக்கிற?" என்று கேட்டேன்.

"அம்மா இப்படித்தானே மாமா சிரிப்பாங்க" என்றது.

அக்கா ஒரு ரவிக்கைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "பொம்பளைப் புள்ள, அடக்கமா இருந்துட்டுப் போகட்டும்டா. நான் பட்டது போதும்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பெரிய கொலைக் குற்றம் ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். ஒரு பன்னிரண்டு வயசுப் பயல் கேசரிக்காக ஒரு பொய் சொன்னான். ஆனால் அக்கா இருபது வருஷமாகத் தன் வாயைத்தான் குற்றவாளி என்று பிடித்து வைத்திருக்கிறாள். இப்போது பிள்ளை வாயையும் பிடிக்கிறாள்.

சரி, கேட்ட லிஸ்ட். சமையல்கட்டுப் பக்கம் பாத்திரம் கழுவின தண்ணீர் விழுகிற இடத்தில் புதினா, தண்ணீர் தேங்காத ஓரத்தில் கற்பூரவல்லி, சுவர் ஓரம் ஒரு கறிவேப்பிலை. மாடியில் கற்றாழையும் எலுமிச்சைப்புல்லும் வெயிலைத் தாங்கும். தொட்டிக்கு அடியில் ஓட்டை போடு. உன் வீட்டிலும் ஒரு அப்பா இருக்கிறார், தண்ணீர் நிற்க வைத்தே தீருவார். வாசலுக்குத் துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் போதும், வருகிறவர்களுக்கு வாசனையாக இருக்கும். முடக்கத்தான், தூதுவளை இரண்டையும் வேலியில் ஏற்றி விடு. எந்தச் செடிக்குப் பக்கத்திலும் எதையும் எழுதி வைக்காதே. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை நீடாமங்கலம் தாண்டி ஒரு வீட்டுக்குச் செடி கொண்டு போகிறேன். அக்கா வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். நாலு வருஷமாக அந்த வழியாகத்தான் போகிறேன். இந்த முறை இதைச் சொல்வதற்காக வண்டியை நிறுத்தலாம் என்று இருக்கிறேன். நிறுத்தினால் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் போடுங்கள். எனக்குத் தெரிந்த வார்த்தை எல்லாம் கிண்டலாகவே வருகிறது.

இவ்வளவையும் நேற்றுக் குரூப்பில் போட்டேன். எல்லோரும் படித்ததற்கு நீல டிக் விழுந்தது. அப்புறம் துபாய்க்காரனிடமிருந்து ஒரு வரி வந்தது.

"போர்டுல இருந்தது என் கையெழுத்துடா, சனிக்கிழமை வண்டியில எனக்கும் ஒரு எடம் போட்டு வை."